பாம்புக்குட்டியின் முதல் வீடு ஒரு பிளாஸ்டிக் டப்பா

எங்கள் வீட்டுக்கு ஒரு கார்ன் ஸ்னேக் குட்டி வருவது முடிவானபோது, அதற்காகச் சொல்லிவைத்திருந்த நான்கடி மரக்கூண்டு வந்து சேர இன்னும் பல வாரம் இருந்தது. குட்டியைக் கொடுப்பவர் என் கணவரோடு வேலை பார்ப்பவர். வேறு ஊருக்கு மாறிப் போகிறார் என்பதால், அந்த வார இறுதிக்குள் தன்னிடம் பொரித்த குட்டிகளை எல்லாம் நல்ல கைகளில் சேர்த்துவிட வேண்டும் என்று இருந்தார். ஆக, இருப்பதை வைத்து ஒரு தற்காலிக வீட்டை உடனே அமைக்க வேண்டியதாயிற்று. அதை எப்படி அமைத்தோம், எதெல்லாம் பலன் தந்தது என்று எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் நாய், பூனையோடு நிற்காமல் பாம்பும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய அம்மா அப்பாவுக்கு இது உதவும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில். பாம்பைக் கேட்டது என் மகள், அவளுக்கு 13 வயது. ஆனால் இங்கே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எந்த விலங்கையும் விற்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பொறுப்பு பெற்றோருடையது. அதே சட்டம் நாய் வளர்ப்பவருக்கும் பாம்பு வளர்ப்பவருக்கும் ஒரே கடமையைத்தான் வைக்கிறது: ஏற்ற இடம், ஏற்ற உணவு, இயல்பாக நடமாட வசதி, துணையோடு வாழும் பிராணிக்குத் துணை, தனித்து வாழும் பிராணிக்குத் தனிமை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு. ‘சில வாரத்துக்குத்தானே’ என்ற சலுகை அதில் கிடையாது. சட்டத்தை விடுங்கள், குட்டிக்கும் அது தெரியாது. முட்டையை விட்டு வெளியே வந்து கொஞ்ச நாளே ஆன ஒரு உயிருக்கு, அந்தச் சில வாரம்தான் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் பெரும்பகுதி.

ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, “ஏம்மா, வயக்காட்டுல பாத்தா தடியை எடுப்போம், நீ வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைக்கப் போறியா?” என்றார். கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் நடமாடுகிற மண். அந்தப் பயம் நியாயமானது, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் கார்ன் ஸ்னேக் வேறு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, விஷம் இல்லை, நம் ஊர்ச் சாரையைப் போல எலியைத் தேடித் திரியும் வகை. பொரிக்கும்போது 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், பென்சில் அளவுக்குக்கூடப் பருமன் இருக்காது. வளர்ந்தால் பெரும்பாலும் 90 முதல் 150 சென்டிமீட்டர் வரை போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். அதாவது என் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இதுதான், பயம் அதற்கு அடுத்ததுதான்.

பெரிய கூண்டு தாமதமானது நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். குட்டிப் பாம்பைக் கொண்டுபோய் நான்கடிக் கூண்டில் விட்டு, அதற்குள் ஒளிய இடம் நிறைய அமைக்காமல் விட்டால், அது மிரண்டுபோய் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். சாப்பாட்டைத் தொடாது. காட்டில் அதைத் தின்னப் பறவை முதல் பெரிய பாம்பு வரை எல்லோரும் உண்டு, திறந்த வெளி என்றாலே அதற்கு ஆபத்து. இன்னொரு காரணம் கண்ணாடிக் கதவு. இங்கே விற்கிற மரக்கூண்டுகளில் முன்பக்கம் இரண்டு கண்ணாடிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நகரும். அவை சந்திக்கும் இடத்தில் மெல்லிய சந்து இருக்கும். வளர்ந்த பாம்புக்கு அது ஒரு பொருட்டில்லை. குட்டிக்கு அது வாசல். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படித்தான் வெளியேறிய குட்டி, பல நாள் கழித்துச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் கிடைத்தது. உயிரோடு இருந்தது அதன் அதிர்ஷ்டம்.

சரி, டப்பா. இங்கே பாம்பு வளர்ப்பவர்கள் குட்டிகளுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது ‘ரியலி யூஸ்ஃபுல் பாக்ஸ்’ என்ற பிளாஸ்டிக் பெட்டியின் 9 லிட்டர் அளவு. சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 15 உயரம். காகிதம் அடுக்கி வைக்க அலுவலகங்களில் வாங்குகிற சாதாரணப் பெட்டிதான். ஒளி ஊடுருவும், கழுவ எளிது, இரண்டு பக்கமும் கைப்பிடி மூடியைக் கவ்விக்கொள்ளும். வேறு எந்தப் பெட்டியும் ஆகும், ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: பூட்டிய பிறகு மூடியின் நீளவாக்குப் பக்கத்தை நடுவில் விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் குட்டி அதைக் கண்டுபிடித்துவிடும். இரவு முழுக்க மூக்கால் ஒவ்வொரு ஓரத்தையும் தட்டிப் பார்ப்பதுதான் அதன் வேலை. நாங்கள் நீளப் பக்கத்தில் இரண்டிரண்டு கிளிப் மாட்டினோம். பிசின் டேப்பை மட்டும் பெட்டிக்கு உள்ளே எங்கும் ஒட்டாதீர்கள். குட்டி அதில் ஒட்டிக்கொண்டால், பிய்த்து எடுக்கும்போது செதில் உரிந்து வந்துவிடும்.

காற்றுத் துளைகளைக் குட்டி வருவதற்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் வைத்து உருக்கித் துளைத்தால் ஓரம் மழமழவென்று வரும், பிளாஸ்டிக் விரிசல் விடாது. அந்தப் புகை நல்லதில்லை, அதனால் தோட்டத்தில் வைத்துச் செய்தோம். துளையின் அளவு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தலை நுழையும் இடத்தில் பாம்பின் உடம்பும் நுழைந்துவிடும். நுழையாமல் பாதியில் சிக்கிக்கொண்டால் அது இன்னும் மோசம். ஒரு குறுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு வரிசை, எதிர்ப்பக்கத்தில் உயரமாக ஒரு வரிசை என்று போட்டால் காற்று தானே ஓடும். துளை எத்தனை வேண்டும் என்பதைப் பெட்டியே சொல்லும்: காலையில் சுவரில் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தால் துளை போதவில்லை. ஈரத்திலேயே கிடந்தால் பாம்புக்கு வயிற்றுப் பக்கச் செதில்களில் புண் வரும், மூச்சுக் கோளாறும் வரும்.

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவழித்தது சூட்டில். பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. சாப்பிட்டது செரிப்பதற்கே வெளிச்சூடு வேண்டும். அதே நேரம் பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் அதற்குத் தப்ப இடமில்லை. அதனால் ஒரு முனை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுமுனை 20 முதல் 24 டிகிரி. இடையில் அது விரும்பிய இடத்தில் படுத்துக்கொள்ளும். இதற்கு வேண்டியது ஒரு சிறிய ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு. காகிதம் போல மெல்லியது, சில வாட் மின்சாரம்தான் எடுக்கும். பெட்டிக்கு வெளியே, அடியில், நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வர வேண்டும்.

சூட்டை அளந்து மேட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல், மேட்டை நேரே பிளக்கில் செருகவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கட்டுப்பாடு இல்லாத மேட்டின் மேற்பரப்பு 40 டிகிரியைத் தாண்டிப் போகும். சூடு அதிகமானால் பாம்பு நகர்ந்துவிடும் என்று நாம் நினைப்போம், ஆனால் அடியிலிருந்து வருகிற சூட்டில் அது அப்படி நம்பும்படி நடந்துகொள்வதில்லை. அங்கேயே படுத்துக் கிடந்து வயிறு வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களிடம் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கடையில் மேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ‘தெர்மோஸ்டாட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் இடித்தால் அழகான பதுங்கிடத்தையோ பிளாஸ்டிக் செடியையோ அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நாங்கள் மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில், வெளியே வைத்தோம். உள்ளே வைத்தால் குட்டி அதை நகர்த்திவிடலாம். அல்லது தண்ணீர் சிந்தி முனை குளிர்ந்துபோய், உள்ளே குளிர் என்று கணக்கிட்டு மேட்டை அணையாமல் சூடேற்றிக்கொண்டே போகலாம். வெளியே வைப்பதில் ஒரு கணக்கு மட்டும் உண்டு: பெட்டியின் பிளாஸ்டிக்கைத் தாண்டும்போது சூடு கொஞ்சம் குறையும். எங்களுக்குத் தெர்மோஸ்டாட்டை 32-இல் வைத்தபோதுதான் உள்ளே தரை 29 காட்டியது. ஆகவே உள்தரையை அளக்கத் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் அவசியம். கண்ணாடியில் ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டர் சுவரின் சூட்டைக் காட்டும், தரையின் சூட்டை அல்ல. அதை நம்ப வேண்டாம். அளக்கும்போது விரிப்புக் காகிதத்துக்கு மேலே அளக்காமல், அதைத் தூக்கிப் பிளாஸ்டிக்கைத் தொட்டு அளக்க வேண்டும். ஏனென்றால் குட்டி காகிதத்துக்கு அடியில்தான் போய்ப் படுக்கும். குட்டி வருவதற்கு முதல் நாள் இரவே எல்லாவற்றையும் ஓடவிட்டு, காலை வரை சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். உள்ளே உயிர் வந்த பிறகு திருகித் திருகிச் சரிசெய்வதில் அர்த்தமில்லை.

லெஸ்டர் குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல். இரவில் ஹீட்டர் அணைந்ததும் அறை 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். மேட் தரையைத்தான் சுடவைக்கும், காற்றை அல்ல. பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உட்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயரமாக ஒரு அலமாரியில் வைத்தோம். பின்புறமும் இரண்டு பக்கங்களிலும் பாலிஸ்டைரீன் பலகை நிறுத்தினோம், துளைகளை மறைக்காமல். அதுவே குளிர்ந்த முனையை 20-க்குக் கீழே போகாமல் காத்தது. கோடையில் இதற்கு நேர்மாறான எச்சரிக்கை: ஜன்னல் வெயில் நேரடியாக விழும் இடத்தில் பிளாஸ்டிக் பெட்டி சில நிமிடத்தில் கொதித்துவிடும். பகல், இரவு தெரிகிற அளவு வெளிச்சம் அறையில் இருந்தால் போதும்.

விரிப்புக்கு வெள்ளைக் கிச்சன் ரோல். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் புதுக் குட்டிக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. கழிவு போட்டது தெரியும், சாப்பிட்டதைக் கக்கியிருந்தால் தெரியும். பாம்பு உண்ணி இருந்தால் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் நகர்வது தெரியும். அழுக்கானால் சுருட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம். இரண்டு அடுக்காகப் போட்டால் குட்டி நடுவில் புகுந்து படுத்துக்கொள்ளும். தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டவே வேண்டாம். அவற்றின் எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

பதுங்கிடம் இரண்டு வேண்டும். ஒன்று சூடான முனையில், ஒன்று குளிர்ந்த முனையில். ஒன்று மட்டும் வைத்தால், பாதுகாப்பா சூடா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும், செரிக்காமல் கிடக்கும். பதுங்கிடம் விசாலமாக இருக்கக் கூடாது. சுருண்டு படுத்தால் நாலு பக்கமும் உடம்பில் படுகிற மாதிரி நெருக்கமாக இருக்க வேண்டும். கடையில் இதற்கென்று விற்பவற்றில் ஒன்று, வாசல் வெட்டிய தேங்காய் மூடி. அதைப் பார்த்ததும் என் மகள் சமையலறைக்கு ஓடிவிட்டாள். நாங்கள் துருவி முடித்த கொட்டாங்கச்சி இரண்டை எடுத்து, நாரைச் சுரண்டி, கொதிநீரில் போட்டு, நன்றாகக் காயவைத்து, ஓரத்தில் ஒரு அரைவட்ட வாசல் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினோம். காசு செலவில்லை, அளவும் கச்சிதம். இவ்வளவு சின்னக் குட்டிக்குச் சிறிய தேங்காயாக எடுங்கள். டாய்லெட் ரோல் குழாய் ஒன்றையும் நடுவில் வைத்தோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது மறைவிலேயே போய்வர அந்தக் குழாய்தான் பாலம்.

தண்ணீருக்குக் கனமான, தாழ்ந்த சின்னக் கிண்ணம், குளிர்ந்த முனையில். மேட்டுக்கு மேலே வைத்தால் ஈரம் ஏறும். தினமும் மாற்ற வேண்டும்.

குட்டி வந்த பிறகு மிகக் கடினமான வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. முதல் ஒரு வாரம் தொடக் கூடாது, எடுத்துப் பார்க்கக் கூடாது, உணவும் கூடாது. தண்ணீர் மாற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று நான் கவலைப்பட்டேன். ஆனால் என் மகள்தான், பார்க்க வந்த தன் தோழிகளிடம் வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவளே பெட்டிக்கு மேல் ஒரு துணியும் போட்டாள். வளர்ப்புப் பிராணியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு எனக்கு அந்த வாரத்தில்தான் பதில் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து முதல் உணவு. இங்கே பிங்கி என்று சொல்வார்கள், முடி முளைக்காத சுண்டெலிக் குஞ்சு, உறைய வைத்துப் பொட்டலமாக விற்பது. உயிருள்ளதைப் போட வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் உருகவிட்டு, பிறகு பாலிதீன் பையில் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, நீளமான இடுக்கியால் பிடித்து மெதுவாகக் காட்ட வேண்டும். மைக்ரோவேவ் கூடாது, உள்ளே வெந்து வெடித்துவிடும். முதல் தடவை எங்கள் குட்டி எடுக்கவில்லை. வற்புறுத்தாமல் எடுத்து எறிந்துவிட்டு, ஐந்தாறு நாள் விட்டு மறுபடி முயன்றோம். இந்த முறை இடுக்கியால் ஆட்டாமல், சூடான முனைக் கொட்டாங்கச்சியின் வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனோம். காலையில் அது இல்லை, குட்டியின் நடுவில் ஒரு சின்ன மேடு. என் மகளைவிட நான் அதிகம் சந்தோஷப்பட்டேன். புதுக் குட்டி ஓரிரு தடவை மறுப்பது சாதாரணம். தண்ணீர் இருந்து, சூடு சரியாக இருந்து, உடம்பு வற்றாமல் இருந்தால் பொறுத்திருக்கலாம். தொடர்ந்து பல வாரம் மறுத்தால் ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும். அப்படிப்பட்டவர் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை.

அதன் பிறகு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு பிங்கி. குட்டியின் உடம்பில் மிகப் பருமனான இடத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகாத அளவு. சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் கையில் எடுக்கக் கூடாது, கக்கிவிடும். உணவுக்காகத் தனிப் பெட்டிக்கு மாற்றுவது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. வயிறு நிறைந்த குட்டியைத் தூக்கித் திரும்ப வைப்பதால் கக்குவதுதான் மிச்சம் என்று இப்போது பலர் அதை விட்டுவிட்டார்கள். நாங்களும் பெட்டிக்குள்ளேயே கொடுத்தோம். மின்சாரம் போனாலோ மேட் பழுதானாலோ, சாதாரண அறைச் சூட்டில் கார்ன் ஸ்னேக் சில நாள் தாங்கும். ஆனால் அந்த நாட்களில் உணவு கொடுக்கக் கூடாது. சூடில்லாமல் வயிற்றில் கிடக்கும் எலி அங்கேயே அழுகும்.

ஃப்ரீசரைப் பற்றிக் கேட்பீர்கள். மீனும் கோழியும் இருக்கிற ஃப்ரீசரில் எலிக்கு இடம் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை, அது வெறும் அருவருப்பு மட்டும் இல்லை. பிரிட்டனில் 2015 முதல், உறைய வைத்த உணவு எலிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்றை அதிகாரிகள் கவனித்து வருகிறார்கள். உறைய வைத்தால் அந்தக் கிருமி சாகாது. கராஜில் இருந்த பழைய சிறு ஃப்ரீசரை அதற்கென்று ஒதுக்கினோம். அது இல்லாதவர்கள் இறுக மூடிய டப்பாவில், பெயர் எழுதி, கீழ்த்தட்டில் வைக்கலாம். உருக வைக்கும் கிண்ணம், இடுக்கி எல்லாம் தனி. சமையலறைச் சிங்க்கில் எதையும் கழுவுவதில்லை. பாம்பைத் தொட்டாலும் பெட்டியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

டப்பாவில் இருந்த காலத்திலேயே அது சட்டை உரித்தது. முதலில் நிறம் மங்கும், கண் பால்போல நீலம் பூக்கும், பிறகு தெளியும். தெளிந்து சில நாளில் உரிக்கும். கண் மங்கியிருக்கும்போது அதற்குச் சரியாகத் தெரியாது, சீறும், ஓடும், விட்டுவிட வேண்டும். ஈரப் பாசி நிரப்பிய, வாசல் வெட்டிய ஒரு சின்ன டப்பாவை நடுவில் வைத்தோம், அது அதற்குள்ளேயே கிடந்தது. உரித்த சட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு கண்களையும் மூடியிருந்த மெல்லிய தோலும் வால் நுனியும் அதில் இருக்க வேண்டும். எங்காவது ஒட்டியிருந்தால் கையால் பிய்க்காதீர்கள். ஈரப் பாசி டப்பாவை வைத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் தானே வரும்.

ஒரே பெட்டியில் இரண்டு குட்டிகளைப் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. இவை தனியாக வாழ்பவை, ஒன்று மற்றொன்றை விழுங்குவதும் நடந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கண்ணில் படுகிற பாம்புக்குட்டியைப் பிடித்து டப்பாவில் வளர்க்க இதில் எதையும் பயன்படுத்தாதீர்கள். இந்தியப் பாம்புகளை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, பிடித்து வைப்பதே குற்றம். அதோடு, விரியன் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. வீட்டுக்குள் வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

எத்தனை நாள் டப்பாவில் வைக்கலாம்? சிலர் வாழ்நாள் முழுக்க இழுப்பறை போன்ற பெட்டிகளிலேயே வைத்து வளர்க்கிறார்கள். சாப்பிடுகிறது, வளர்கிறது, வேறென்ன என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்பில்லை. பாம்பு உடம்பை முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க முடிய வேண்டும், கார்ன் ஸ்னேக் ஏறக்கூடியது, அதற்குக் கிளை வேண்டும், மென்மையான புற ஊதா விளக்கு நல்லது என்றும் இப்போது சொல்கிறார்கள். 15 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் இதில் எதுவும் நடக்காது. குட்டிப் பருவத்தில் நெருக்கம் தருகிற நிம்மதி, அது வளர வளரச் சிறையாகிவிடுகிறது.

எங்கள் கூண்டு வந்து சேர்ந்தும் உடனே மாற்றவில்லை. குட்டி தவறாமல் சாப்பிட்டு, கையில் அமைதியாக இருக்கப் பழகும் வரை காத்திருந்தோம். மாற்றுவதற்கு முன் கண்ணாடிகளுக்கு நடுவிலிருந்த சந்தில் ரப்பர் பட்டையை வைத்து அடைத்தோம், பின்புறம் வயர் போகிற துளையைச் சுற்றி வலை வைத்தோம். உள்ளே இலை, மரப்பட்டை, கிளை என்று மறைவுகளை நெருக்கமாக நிரப்பி, வெறும் தரை அதிகம் தெரியாமல் செய்தோம். கொட்டாங்கச்சி இரண்டையும் கழுவாமல், குட்டியின் வாசனையோடு அப்படியே உள்ளே வைத்தோம். பிறகு முன்போலவே ஒரு வாரம் தொடவில்லை. பழைய டப்பாவையும் மேட்டையும் கழற்றாமல் தயாராகவே வைத்திருந்தோம். புது இடத்தில் சாப்பிட மறுத்தால் திரும்ப அதிலேயே விடலாம் என்ற எண்ணத்தில். அதற்கு அவசியம் ஏற்படவில்லை, இரண்டாவது வாரமே பிங்கியை இடுக்கியிலிருந்து நேரே இழுத்துக்கொண்டது.